கதைகளில் அடிபடும் வாயில்லா ஜீவன்கள்

கேள்வி: கதையில் மனிதர்கள் கொலையுண்டால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடும் என்னால், ஒரு நாயோ மாடோ அடிபடும் இடத்தைத் தாண்டவே முடிவதில்லை. எழுத்தாளர்கள் இதையெல்லாம் இவ்வளவு விவரமாக எழுதத்தான் வேண்டுமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: தாண்ட முடியாமல் புத்தகத்தை மூடிவிடுவதில் தவறொன்றும் இல்லை; நானும் மூடியிருக்கிறேன். மனிதர்களின் கொலையில் பகை, பணம் என்று ஏதோ ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டு மனம் கொஞ்சம் விலகி நிற்கிறது; மாட்டுக்கு யாரோடும் வழக்கில்லை என்பதால் அப்படி விலக வழியில்லாமல் போகிறது. வில்லன் கொடியவன் என்று காட்டுவதற்காகவே முதல் அத்தியாயத்தில் ஒரு நாய்க்குட்டியைச் சாகடிக்கும் கதைகள் இந்த பலவீனத்தைத்தான் காசாக்குகின்றன. இரண்டாம் அத்தியாயத்தில் அந்த நாயை எவரும் நினைப்பதில்லை, எழுதியவர் உட்பட.

ஆனால் விவரமே கூடாது என்று சொல்லமாட்டேன். தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) நாவலில், அடகுக்கடைக் கிழவியைக் கோடரியால் கொல்வதற்கு முன்பு கதாநாயகன் ரஸ்கோல்னிகவ் ஒரு கனவு காண்கிறான். மெலிந்த கிழட்டுக் குதிரையைப் பெரிய வண்டியில் பூட்டி, குடிகாரர்கள் கூட்டமாக ஏறிக்கொள்ள, இழுக்கமாட்டாமல் திணறும் அதை, என் உடைமை என்று கத்திக்கொண்டே அதன் சொந்தக்காரன் மிகோல்கா சாட்டையால் தொடங்கிக் கடைசியில் கடப்பாரையால் அடித்துக் கொல்கிறான். கனவில் ஏழு வயதுச் சிறுவனாக இருக்கும் ரஸ்கோல்னிகவ், செத்த குதிரையின் இரத்தம் தோய்ந்த முகத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான். அப்பாவோ, இது நம் வேலையில்லை என்று அவனை அழைத்துப் போகிறார். விழித்தெழுந்ததும், தானும் கோடரியை எடுக்கத்தான் போகிறோமா என்று அவன் நடுங்குகிறான். அழுத பிள்ளையே அடிக்கப்போகிறவனும் என்பது, அந்த அடிகளை ஒவ்வொன்றாகக் கண்ட பிறகுதான் நமக்கு உறைக்கிறது.

சரத்சந்திரரின் 'மகேஷ்' என்ற வங்காளச் சிறுகதை இதற்கு நேர்மாறானது. அடி சில வரிகளில் முடிந்துவிடும், பசியும் தாகமும்தான் கதை முழுக்க. ஏழைக் குடியானவன் கஃபூர் மகேஷ் என்ற தன் காளைக்குக் குடிசைக் கூரையிலிருந்தே வைக்கோலை உருவிப் போடுகிறான். மாட்டைப் பட்டினி போடலாமா என்று கண்டிக்கும் பிராமணப் பண்டிதர் தர்க்கரத்தினர், கொஞ்சம் வைக்கோல் கடன் கேட்டால் தர மறுக்கிறார். முஸ்லிம் என்பதால் நீரெடுக்கும் கூட்டத்துக்கு வெளியே காத்து நின்று, இரக்கப்பட்ட யாரோ ஊற்றியதை மகள் ஆமினா குடத்தில் கொண்டுவர, மகேஷ் அதை முட்டி உடைத்துவிட்டுத் தரையில் ஓடும் நீரை உறிஞ்சுகிறது. ஜமீன்தாரிடம் தண்டனை பெற்றுத் திரும்பியிருந்த கஃபூர், கையில் அகப்பட்ட கலப்பைத் தலையால் அதன் தலையில் ஓங்கி அடித்துவிடுகிறான். இரவோடிரவாக மகளுடன் ஊரைவிட்டுக் கிளம்பும்போது, எனக்கு எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடு என்று அல்லாவிடம் சொல்பவன், நீ கொடுத்த புல்லையும் நீரையும் மகேஷுக்குக் கொடுக்காதவர்களை மட்டும் மன்னிக்காதே என்றும் வேண்டிக்கொள்கிறான்.