தண்டர்பேர்டில் போட்ட தேதி போனுக்கு ஏன் வரவில்லை?

மேற்கு மாம்பலத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: போனில் கூகுள் காலண்டரில் போடுவது கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் என்ற மெயில், காலண்டர் மென்பொருளுக்கு வந்துவிடுகிறது, ஆனால் தண்டர்பேர்டில் போடும் ஜிஎஸ்டி, டிடிஎஸ் கடைசித் தேதிகள் போனுக்குப் போவதே இல்லை. காலண்டர்களை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கலாமா?

அழிக்காதீர்கள் சார். நான் ஒருமுறை அந்த அவசரத்தில் ஒரு வருஷத்துத் தேதிகளைப் பறிகொடுத்தவன்.

முதலில் பிரவுசரில் கூகுள் காலண்டரைத் திறந்து, 20ஆம் தேதிக்குப் போட்ட 3பி (ஜிஎஸ்டி ரிட்டர்ன்) அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோளாறு போனில்தான், ஆப்பின் செட்டிங்ஸில் அந்தக் காலண்டருக்கு சிங்க் அணைந்திருக்கும். இல்லையென்றால் தண்டர்பேர்டை விட்டு அது வெளியே கிளம்பவே இல்லை என்று அர்த்தம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதுதான்.

தண்டர்பேர்டில் 'ஹோம்' என்று ஒரு காலண்டர் தானாகவே இருக்கும். அது உங்கள் கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருப்பது, எந்த சர்வருக்கும் போகாது. கூகுள் காலண்டரை ஐசிஎஸ் என்று முடியும் லிங்க் கொடுத்துச் சேர்த்திருந்தால் அது படிக்க மட்டும்தான், அதில் எழுத முடியாது, அதனால் நீங்கள் போடும் தேதி எல்லாம் சத்தமில்லாமல் ஹோமில் போய் உட்கார்ந்துகொள்ளும். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. 3பி தேதியை டபுள் கிளிக் செய்து, எந்தக் காலண்டரில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஹோம் என்றால், அதன் மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு ஃபைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஹோமை டெலீட் செய்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும், வேறெங்கும் நகல் கிடையாது. அப்புறம் 'நியூ காலண்டர்', 'ஆன் தி நெட்வொர்க்' என்று போய், ஜிமெயில் முகவரியை முழுசாகக் கொடுத்துக் காலண்டர்களைத் தேடச் சொல்லுங்கள். கூகுளின் லாகின் திரை வரும். அது வெள்ளையாக நின்றாலோ திரும்பத் திரும்ப பாஸ்வேர்ட் கேட்டாலோ, தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் குக்கீகளை ஏற்கும் டிக் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் இந்த லாகின் நடக்காது, ஆனால் திரையில் அப்படிச் சொல்லவும் சொல்லாது!

லாகின் ஆனதும், சேமித்த ஃபைலைப் புதுக் காலண்டருக்குள் இம்போர்ட் செய்யுங்கள். எந்தக் காலண்டருக்கு என்று கேட்கும், அங்கே மறுபடி ஹோமைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். பழைய ஐசிஎஸ் காலண்டரை எடுத்துவிடலாம், இல்லையென்றால் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரியும்.

இன்னொன்று, போனில் போடுவது உடனே கம்ப்யூட்டரில் வராது. வழக்கமாக 30 நிமிஷத்துக்கு ஒருமுறைதான் தண்டர்பேர்ட் போய்ப் பார்க்கும். காலண்டரின் பிராப்பர்ட்டீஸில் அதை 5 நிமிஷமாக்கலாம், அவசரம் என்றால் சிங்க் பட்டனை அழுத்தினால் போதும்.

எல்லாம் சரியாகி, காலை 10 மணி மீட்டிங் மட்டும் விடியற்காலை 4:30க்குத் தெரிந்தால் பயப்படாதீர்கள். தண்டர்பேர்டில் டைம் ஸோன் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று இருக்கும், ஏசியா/கொல்கத்தா என்று மாற்றிவிடுங்கள்.