சி.டி. எடுத்தாச்சு, எம்.ஆர்.ஐ. எதற்கு? காசு பிடுங்கவா?

அப்பாவுக்கு ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, அவ்வப்போது ரத்தம், சி.டி.யில் ஏதோ கட்டி மாதிரி இருக்கிறதாம். இப்போது எம்.ஆர்.ஐ.யும் கேட்கிறார்கள், இது கமிஷனுக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். 'கடைக்கு ஆள் பிடிக்க வந்துட்டான்' என்று கீழே யாராவது எழுதுவார்கள், எழுதட்டும். கமிஷனே கிடையாது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் உங்கள் டாக்டர் கேட்டதில் தப்பு இல்லை.

என் சித்தப்பா தச்சர். காலமெல்லாம் தேக்குத் தூளில் நின்றவர். வலது மூக்கு அடைத்தபோது உள்ளூர் கிளினிக்கில் சைனஸ் என்று மாத்திரையும் சொட்டு மருந்துமாக ஓட்டினார்கள். ரத்தம் வந்த பிறகுதான் சி.டி. எடுத்தார்கள். படத்தில் வலப்பக்கம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். கன்னத்துச் சைனஸ் வரைக்கும் புற்று பரவிவிட்டது என்று வீடே இடிந்து போனது.

சி.டி. எலும்பைத் துல்லியமாகக் காட்டும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே காகிதம் போன்ற எலும்பு அரித்திருந்தால் அதில் தெரிந்துவிடும். ஆனால் கட்டியும், அதற்குப் பின்னால் தேங்கிய சளியும் அதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் டி2 படம் (நீர் வெள்ளையாகத் தெரியும் வகை) வந்ததும் கன்னத்துச் சைனஸ் வெள்ளை வெளேரென்று இருந்தது. அத்தனையும் சளி! மேலே, கண்களுக்கு நடுவே உள்ள எத்மாய்டு சைனஸ் பகுதியில் மட்டும் மங்கலாக ஒரு கட்டி. சளி கெட்டியாகிவிட்டால் அதுவும் கருப்பாகத் தெரிந்து ஏமாற்றும். அதனால் கட்டியைத் தனியாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டும் எடுத்தோம். கட்டி மூளை உறையைத் தொடவில்லை என்பதும் அதில்தான் தெரிந்தது. அறுவை சிகிச்சையை மூக்கு வழியாகவே, எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயிலேயே முடித்தார்கள், அப்புறம் ரேடியேஷன்.

எந்தப் புற்று என்று சொல்ல பயாப்சி (கட்டியில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) வேண்டும், ஸ்கேன் போதாது. அவருக்கு வந்தது அடினோகார்சினோமா, சுரப்பித் திசுவில் வரும் புற்று. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே பட்டியலிட்டுவிட்டது. பட்டறை முதலாளி ஒரு மாஸ்க் கூட வாங்கித் தரவில்லை.

பழைய சி.டி. படங்களையும் கிரியேட்டினின் (சிறுநீரக ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம், அதனால் பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரைஞாண், தாயத்து எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைக்கட்டும். மேஜையில் படுத்த பிறகு 'இது குலதெய்வத்துக் கயிறு, கழற்ற மாட்டேன்' என்று சண்டை. வெளியே காத்திருப்பவர்கள் திட்டுவது என்னமோ எங்களைத்தான்.