பெரிய எஞ்சின் வைத்த பழைய அமெரிக்க மசில் கார்களைப் பந்தயத்தில் பேஸ் காராக, அதாவது எல்லாருக்கும் முன்னால் போய் வழிநடத்தும் வண்டியாக, விடுவது வெறும் அழகுக்காகத்தானா?

அழகும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய கார்கள் ஓடும் வின்டேஜ் பந்தயத்தில் பேஸ் காருக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. அதில் ஒரு பாதியை மசில் கார் பிரமாதமாகச் செய்யும், மறு பாதியில் திணறும். நான் அமெரிக்காவின் மில்வாக்கியில் வசிக்கிறேன். கோடை வந்தால் எல்கார்ட் லேக்கில் இருக்கும் ரோட் அமெரிக்கா டிராக்குக்குப் பழைய பந்தயக் கார்களைப் பார்க்கப் போய்விடுவேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பேஸ் கார் முன்னால் போகும். பந்தயக் கார்கள் இரண்டிரண்டாக அதன் பின்னால் ஒரு சுற்று வரும். டிராக்கின் ஓரத்தில் வண்டிகள் நிற்கும் பிட் லேனுக்குள் அது ஒதுங்கியதும் பச்சைக் கொடி, பந்தயம் ஆரம்பம். அமெரிக்காவின் புகழ்பெற்ற இண்டியானாபோலிஸ் 500 கார் பந்தயம் 1911-ல் முதன்முதலாக நடந்தபோதே பேஸ் காரின் பின்னால் ஓடிக்கொண்டேதான் தொடங்கியது.

எந்த வேகத்தில் போவது என்பதில்தான் சூட்சுமம். பழைய பந்தயக் கார்கள் பலவற்றில் ரேடியேட்டர் ஃபேன் கிடையாது, காற்று வேகமாக உள்ளே வந்தால்தான் தண்ணீர் சூடேறாமல் இருக்கும். மெதுவாக இழுத்தடித்தால் ஸ்பார்க் பிளக்கும் கரி பிடித்து எஞ்சின் தட்டுத் தடுமாறும். சரி, வேகமாகப் போகலாம் என்றால் வால் பக்கம் இருப்பவர்கள் வரிசைக்கே வந்து சேர மாட்டார்கள். ரோட் அமெரிக்கா ஒரு சுற்று ஆறரை கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் வேறு. இங்கேதான் 1966 பான்டியாக் ஜிடிஓ மாதிரி ஒரு வண்டி ஜொலிக்கிறது. 6.4 லிட்டர் வி8, அடிமட்ட ஆர்பிஎம்மிலேயே அவ்வளவு இழுவை. மேட்டில் ஏறும்போதும் முள் அசையாமல் ஒரே வேகத்தில் போகும்.

திணறுவது பிரேக்கில். அந்த வருட ஜிடிஓவில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான், டிஸ்க் பிரேக் ஆப்ஷனாகக்கூடக் கிடையாது. டிராக்கில் ஆபத்து என்றால் மஞ்சள் கொடி காட்டுவார்கள், பந்தயக் கார்கள் மறுபடி பேஸ் காரின் பின்னால் மெதுவாக வர வேண்டும். ஒருமுறை அப்படி மஞ்சள் கொடி விழுந்து, ஒரு ஜிடிஓ நாலைந்து சுற்று ஓட வேண்டியதாகிவிட்டது. அது பிட்டுக்குள் வந்து நின்றபோது பக்கத்தில் போனேன். கருகிய வாசனை மூக்கைத் துளைத்தது. ஓட்டியவர் எழுபது வயதுக்காரர். இறங்கியவர் ஹேண்ட் பிரேக்கைத் தொடவே இல்லை, சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையை அண்டை கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். "டிரம் கொதிக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டால், ஆறும்போது டிரம் சுருங்கி உள்ளே இருக்கும் பிரேக் ஷூவைக் கவ்விக்கொள்ளும்" என்றார்.

பேஸ் காரை ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்கு 1971 இண்டியானாபோலிஸ் 500 ஒன்றே போதும். அன்று ஒரு டாட்ஜ் சேலஞ்சர் கன்வர்டிபிள்தான் பேஸ் கார். ஓட்டியவர் உள்ளூர் டீலர், பந்தய ஓட்டுநர் இல்லை. கூடவே விண்வெளி வீரர் ஜான் கிளென்னும் இருந்தார். அணிவகுப்பை விட்டுவிட்டு பிட் லேனுக்குள் வந்த வண்டியை நேரத்துக்கு நிறுத்த முடியவில்லை. புகைப்படக்காரர்கள் நின்ற மேடையில் போய் மோதியது. நிறையப் பேருக்குக் காயம். அடுத்த வருடம் பேஸ் காரை ஓட்டியவர் 1960-ல் அதே பந்தயத்தை வென்ற ஜிம் ராத்மன்.

அதனால் என் கருத்து இதுதான்: கிளம்பும் சுற்றுக்கு மசில் கார் வரட்டும், அந்தக் காலத்துக் கார்களை அந்தக் காலத்து வண்டிதான் அழைத்துப் போக வேண்டும். மஞ்சள் கொடிக்கு நல்ல டிஸ்க் பிரேக் உள்ள புது வண்டி ஒன்று தயாராக நிற்கட்டும். இதை அந்தப் பெரியவரிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அரை மணி நேரம் டிரம் ஆறக் காத்திருந்து, கட்டையை எடுத்து டிக்கியில் போட்டுக்கொண்டு, அடுத்த பந்தயத்துக்கு வரிசையின் முன்னால் போய் நின்றார்.