மேப்பிங் ட்ரோன் பிளானிங் மென்பொருளில் முதலில் எதைத் திருத்த வேண்டும்?

கேள்வி: "மேப்பிங் ட்ரோனுக்குப் பிளானிங் மென்பொருள் எழுதுகிறோம். பறப்பு பாதுகாப்பாகவும் படங்கள் துல்லியமாகவும் அமைய எந்த வழித்தட அல்காரிதம் சிறந்தது?"

வழித்தடம் அப்புறம். முதலில் உயரத்தைச் சரிசெய்யுங்கள். அல்காரிதமே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பறப்புக் கோடுகளை நிலத்தின் நீண்ட பக்கத்துக்கு இணையாகப் போட்டாலே திருப்பங்கள் குறைந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு மெனக்கெட்டாலும் மிச்சமாவது கொஞ்சம் நேரம்தான். உயரம் தப்பினால் ட்ரோனே போய்விடும்.

திரையில் "100 மீ" என்று போடுகிறீர்கள். எங்கிருந்து 100? கிளம்பிய இடத்திலிருந்தா, கடல் மட்டத்திலிருந்தா, கீழே உள்ள தரையிலிருந்தா? போதாததற்கு, ஜிபிஎஸ் அடிப்படையில் கணக்கிடுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற, பூமியின் வடிவமாகக் கணக்குக்கு வைத்துக்கொண்ட நீள்வட்டத்திலிருந்து உள்ள உயரத்தை. அதற்கும் கடல் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் உலகில் இடத்துக்கு இடம் சுமார் மைனஸ் 106 முதல் பிளஸ் 85 மீட்டர் வரை மாறும். மைனஸ் 90 உள்ள, அதாவது கடல் மட்டம் நீள்வட்டத்துக்கு 90 மீட்டர் கீழே இருக்கும் இடத்தில் நீள்வட்ட உயரத்தைக் கடல் மட்ட உயரம் என்று மென்பொருள் படித்துக்கொண்டால், தரைக்கு மேல் 100 மீட்டரில் போக வேண்டிய ட்ரோன் 10 மீட்டரில் போகும். ஆகவே ஒவ்வொரு வேபாயிண்டிலும் (ட்ரோன் கடக்க வேண்டிய புள்ளி) எண்ணோடு அதன் அடிப்படையையும் சேமியுங்கள். வெளியிலிருந்து வரும் கோப்பில் அந்த விவரம் இல்லையென்றால் ஊகிக்காதீர்கள், ஏற்க மறுத்துவிடுங்கள்.

அடுத்தது ஓவர்லேப், அதாவது பக்கத்துப் பக்கத்துப் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியும் அளவு. 13.2 மி.மீ. அகல சென்சார், 8.8 மி.மீ. லென்ஸ், 5472 × 3648 பிக்சல் கேமராவை எடுத்துக்கொள்வோம். 100 மீட்டரிலிருந்து ஒரு படம் 150 × 100 மீட்டர் தரையைப் பிடிக்கும், ஒரு பிக்சல் 2.74 செ.மீ. முன்பின் 75%, பக்கவாட்டில் 70% வேண்டுமென்றால் 25 மீட்டருக்கு ஒரு படம், 45 மீட்டருக்கு ஒரு கோடு. நடுவே 40 மீட்டர் மேடு ஒன்று வந்தால் அங்கே உண்மையான உயரம் 60 மீட்டர்தான். படம் 90 × 60 ஆகச் சுருங்கும், ஓவர்லேப் 58%, 50% என்று விழும். படங்களை இணைத்துக் கட்டும் மாடலில் ஓட்டை விழுவது சரியாக அந்த மேட்டில்தான், திரையோ கடைசிவரை 75, 70 என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் நில உயரத் தரவை வைத்துத் தனியாகக் கணக்கிட்டு, குறைகிற இடத்தைச் சிவப்பில் காட்டுங்கள்.

நில உயரத் தரவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். எஸ்ஆர்டிஎம் என்ற விண்வெளி ரேடார் நில உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எடுத்தது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, செங்குத்துத் துல்லியத்துக்கு வைத்த இலக்கே 16 மீட்டர். மின்கம்பி அதில் கிடையாது, அதன் பிறகு எழுந்த கோபுரமும் கிடையாது. தாழப் பறக்க வேண்டுமானால், முதலில் உயரமாக ஒரு சுற்றுப் போய், அதில் கிடைக்கும் மேற்பரப்பு மாதிரியை வைத்துத் திட்டமிடுவதே நல்லது.

கிளம்பிய இடத்துக்கு ட்ரோன் தானாகத் திரும்பும் கோட்டைப் பல மென்பொருள்கள் சோதிப்பதே இல்லை. ஆர்டுபைலட் காப்டர் என்ற ட்ரோன் கட்டுப்பாட்டு மென்பொருளில் திரும்பும் உயரத்தின் இயல்பு மதிப்பு 15 மீட்டர். அதற்கு மேலே இருந்தால் இருக்கிற உயரத்திலேயே நேராக வரும். மேட்டுக்கு அந்தப் பக்கச் சரிவில், கிளம்பிய இடத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது சிக்னல் போனால், திரும்பும் வழியில் 40 மீட்டர் மேடு நிற்கிறது. ஒவ்வொரு படப் புள்ளியிலிருந்தும் அந்த நேர்கோட்டைத் தரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேட்டரியை "30% வந்தால் திரும்பு" என்று வைப்பதும் தவறு. காற்றில் நொடிக்கு 12 மீட்டர் போகும் ட்ரோன் 1500 மீட்டர் திரும்ப 125 நொடி ஆகும். எதிர்க்காற்று நொடிக்கு 7 மீட்டர் என்றால் 300 நொடி. பேட்டரி குறைந்த பிறகு எதிர்க்காற்றில் திரும்ப நேராதபடி, காற்று அடித்துப் போகும் திசைக் கோடியிலிருந்து வேலையைத் தொடங்கிக் காற்று வரும் பக்கமாக நகரும்படி திட்டமிடுங்கள்.

10 மீ/நொ வேகத்தில் 1/500 ஷட்டர் 2 செ.மீ. மங்கல் தரும், 1/1000 வையுங்கள். படமெடுத்த நேரப் பதிவில் 50 மில்லிநொடி பிசகினால் இடம் அரை மீட்டர் தள்ளிப்போகும். அப்புறம் ஆர்டிகே (செ.மீ. அளவில் இடம் சொல்லும் ஜிபிஎஸ் முறை) இருந்தும் பயனில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. மாடலைக் கட்டப் பயன்படுத்திய தரைப் புள்ளிகளிலேயே (இடத்தை அளந்து தரையில் குறித்தவை) பிழையை அளந்து "2 செ.மீ. துல்லியம்" என்று அறிக்கை கொடுக்கிறார்கள். அது துல்லியமே அல்ல. கணக்கில் சேர்க்காத சோதனைப் புள்ளிகளைத் திட்டமிடும்போதே குறிக்க உங்கள் வரைபடத்தில் இடம் கொடுங்கள். மேட்டின் உச்சியில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.