மேனுவல் கியர் பிக்கப்பில் படகு இழுப்பது: கிளட்ச் கருகுவது எங்கே, ஏன்?

கேள்வி: என்னிடம் இருப்பது ஐந்து கியர் மேனுவல், டீசல், ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். ஐந்தரை மீட்டர் ஃபைபர் படகு ஒன்றை வாங்க எண்ணுகிறேன். டிரெய்லரோடு சேர்த்து 1,500 கிலோ வரும் என்கிறார்கள். இதே அளவுள்ள நண்பரின் படகை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். சாலையில் ஒரு தொல்லையும் இல்லை. சாய்தளத்தில் தண்ணீரிலிருந்து மேலே ஏற்றும்போது கிளட்ச் கருகும் வாசனை வந்துவிட்டது. என் வண்டியின் ஆட்டோமேட்டிக் மாடலுக்கு இழுவைத் திறன் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். வண்டியை மாற்றிவிடலாமா, அல்லது ஓட்டும் முறையில் ஏதாவது தவறா?

பதில்: வண்டியை மாற்ற வேண்டாம். கையேட்டில் உங்கள் மேனுவல் மாடலுக்கென்று போட்டிருக்கும் இழுவை எடைக்குள் படகு அடங்கினால் போதும். அடங்கவில்லை என்றால் எந்தச் சாமர்த்தியமும் உதவாது. உங்கள் கடிதத்தில் லோ ரேஞ்ச் (ஃபோர் வீல் டிரைவில் வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் தனி கியர் நிலை) பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதைப் போடாமலேயே ஏற்றியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் வாசனைக்குக் காரணம் அதுதான்.

மேனுவலுக்கு ஏன் குறைத்துப் போடுகிறார்கள்? பெரும்பாலும் கிளம்பும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சுக்குப் பதிலாக, ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், வண்டி நின்ற நிலையில் எஞ்சினின் முறுக்குவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தரும். அப்போது உண்டாகும் சூட்டை ஆயில் வாங்கிக்கொண்டு கூலருக்குக் கொண்டுபோய்விடும். மேனுவலில் இருப்பது ஆயிலில் நனையாத உலர் கிளட்ச், அதற்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. அது நழுவும்போது வரும் சூடு முழுவதும் கிளட்ச் பிளேட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் ஃப்ளைவீலிலும் பிரஷர் பிளேட்டிலும்தான் இறங்கும், அங்கிருந்து மெதுவாகத்தான் ஆறும். பல நிறுவனங்கள் பின்பற்றும் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே2807 இழுவைச் சோதனையில், 12 சதவீத ஏற்றத்தில் நின்ற நிலையிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கிளம்பிக் காட்ட வேண்டும். கிளட்ச்சுக்கு இதைவிடக் கொடிய தேர்வு கிடையாது. ஓடத் தொடங்கிய பிறகு, கிளட்ச் நழுவாமல் பிடித்திருக்கும் வரை, மேனுவலுக்கு எந்தக் குறையும் இல்லை.

படகு இறக்கும் சாய்தளங்களைப் பொதுவாக 12 முதல் 15 சதவீதச் சாய்வில் கட்டுவார்கள். அதாவது உங்கள் கிளட்ச் ஒவ்வொரு முறையும் அந்தத் தேர்வைத்தான் எழுதுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி ஆட்களோடு 2,100 கிலோ, படகும் டிரெய்லரும் 1,500 கிலோ, மொத்தம் 3,600. 12 சதவீத ஏற்றத்தில் பின்னால் உருளாமல் நிற்கவே 430 கிலோ அளவு இழுவிசை வேண்டும். முதல் கியர் விகிதம் 4.3, டிஃப்ரன்ஷியல் விகிதம் 3.9, டயர் ஆரம் 37 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது வண்டியின் வேகம் மணிக்கு ஆறரை கி.மீ. இந்த வேகத்தை எட்டும்வரை கிளட்ச் நழுவியே தீர வேண்டும். ரேஸ் கொடுத்தால் இன்னும் அதிக நேரம் நழுவும். இப்போது லோ ரேஞ்ச் போடுங்கள். அதன் விகிதம் பல பிக்கப்புகளில் 2.5-ஐ ஒட்டி இருக்கும். ஐடில் வேகம் இரண்டரை கி.மீ. சொச்சத்துக்கு இறங்கிவிடும். கிளட்ச் சுமக்கும் முறுக்குவிசை இரண்டரையில் ஒரு பங்கு, நழுவும் நேரமும் இரண்டரையில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்து, அதே வேகத்தில் நகர்த்திக் கிளப்பினாலும் சூடு ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. விலை உயர்ந்த கிளட்ச் செட் எதுவும் இந்த அளவு பலன் தராது.

வாசனை மேலே ஏறும்போது வந்தாலும், சூடேறத் தொடங்கிய இடம் வேறாக இருக்கலாம். ரிவர்ஸ் கியரின் விகிதம் முதல் கியரை ஒட்டித்தான் இருக்கும், ஐடிலிலேயே ஆறு, ஏழு கி.மீ. வேகம் போகும். டிரெய்லரைப் பின்னால் தள்ளிச் சாய்தளத்துக்கு நேராகக் கொண்டுவர இது மிக அதிக வேகம். அதனால் எல்லோரும் ஹாஃப் கிளட்ச்சில் தான் ரிவர்ஸ் எடுக்கிறார்கள். டிரெய்லர் மடங்கிவிட்டால் முன்னால் இழுத்து நேராக்கி, மறுபடி ரிவர்ஸ். நான்கைந்து முறை இப்படிச் செய்தாலே கிளட்ச் பாதி சூடாகிவிடும். ஆகவே சாய்தளத்தின் தலைப்பில் நின்று, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்ச்சை மிதித்து, அங்கேயே லோ ரேஞ்ச் போட்டுவிடுங்கள். லோ ரிவர்ஸில் கிளட்ச்சிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டு, நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, ஆக்சிலேட்டர் தொடாமல் தள்ளலாம். இறக்கத்திலும் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃப்ரன்ஷியல் இல்லாத ஃபோர் வீல் டிரைவில், காய்ந்த சிமென்ட் தரையில் ஸ்டீயரிங்கை நன்றாக ஒடித்தால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். டயர் தேய்த்துக் கத்தும், வண்டி பிரேக் பிடித்தது போல முக்கும், ட்ரான்ஸ்ஃபர் கியரை (டூ வீல், ஃபோர் வீல், லோ என்று மாற்றும் லீவர்) வெளியே எடுக்க வராது. நேராகக் கொஞ்சம் முன்பின் ஓட்டினால் விட்டுவிடும். உங்கள் வண்டியில் முன் சக்கரங்களில் கையால் திருப்பும் ஹப் லாக் இருந்தால் வேலை சுலபம்: ஹப்பை ஃப்ரீயில் விட்டுவிட்டு லோ போட்டால் பின் சக்கரங்களுக்கு மட்டும் லோ ரேஞ்ச் கிடைக்கும். சமதரையில் திருப்பிச் சரிசெய்வதை அப்படி முடித்துவிட்டு, சரிவில் இறங்கும் முன் ஹப்பை லாக் செய்யுங்கள்.

தண்ணீர் ஓரத்தில் வண்டியை நிறுத்துவதில்தான் ஆபத்து அதிகம். ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அந்தச் சக்கரங்கள்தான் பாசி படிந்த ஈரத்தில் நிற்கின்றன. பிரேக் ட்ரம்மில் தண்ணீர் புகுந்தால் பிடிப்பும் குறையும். ஃபோர் லோவில் விட்டு, முதல் கியரும் போட்டு எஞ்சினை அணைத்தால், முன் சக்கரங்களும் சேர்ந்து வண்டியைத் தாங்கும். காலால் பிரேக்கை அழுத்தியபடியே ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் வைத்து, கால் பிரேக்கை மெல்ல விட்டுப் பாருங்கள்; வண்டி அசையாமல் நிற்கிறதா என்று தெரிந்த பிறகு எஞ்சினை அணைத்து முதல் கியர் போடுங்கள். ட்ரான்ஸ்ஃபர் கியர் நியூட்ரலில் நின்றுவிட்டால் கியர் போட்டும் பயனில்லை, சக்கரம் சுதந்திரமாக உருளும். லோவில் சரியாக விழுந்திருக்கிறதா என்று டாஷ்போர்டு விளக்கைப் பார்த்து உறுதி செய்யுங்கள். முன் சக்கரங்களுக்குப் பின்னால் அடைக்கட்டை வைத்து, அதில் கயிறு கட்டி, மறுமுனையை வண்டியின் பக்கவாட்டுக் கம்பியில் முடிந்துவிடுங்கள். கிளம்பும்போது கட்டை தானாக இழுபட்டு மேலே வரும். வண்டிக்குப் பின்னால் யாரும் குனிந்து கட்டையை எடுக்க வேண்டியதில்லை.

இனி ஏற்றம். படகின் மூக்கு, டிரெய்லரின் முன்பக்கம் படகை இழுக்கும் வின்ச் பொருத்திய கம்பத்தில் முட்டும்வரை இழுத்து, பாதுகாப்புச் சங்கிலியையும் மாட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, லோவில் முதல் கியர் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடாமலே கிளட்ச்சை மெல்ல எடுங்கள். எஞ்சின் சத்தம் கனத்து, வண்டியின் மூக்கு லேசாக அசையும். அந்த இடத்தில் 1,200 சுற்று அளவுக்கு ரேஸ், ஹேண்ட்பிரேக் கீழே, ஒரு நொடிக்குள் கிளட்ச் முழுதாக வெளியே. பலர் கால் பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குத் தாவுகிறார்கள். அந்த இடைவெளியில் வண்டி அரை அடி பின்னால் உருளும். பிறகு உருள்வதை நிறுத்தும் வேலையும் முன்னால் இழுக்கும் வேலையும் சேர்ந்து கிளட்ச் தலையில் விழும். நகரத் தொடங்கியதும் எங்கும் நிற்காமல், கியர் மாற்றாமல், சாய்தளத்தின் தலைப்பு வரை ஒரே சீராகப் போங்கள். படகு தண்ணீரைவிட்டு வெளியே வர வர மிதப்பு குறைந்து எடை கூடிக்கொண்டே போகும், அதனால் பாதியில் நின்று மறுபடி கிளம்புவது முதலில் கிளம்பியதைவிடக் கடினம். சக்கரம் சுழன்று வழுக்கினால் ரேஸைக் குறையுங்கள். அழுத்த அழுத்த டயர் பாசியை மெழுகத்தான் செய்யும்.

வாசனை வந்தேவிட்டால் என்ன செய்வது? சமதரைக்கு வந்து, நியூட்ரலில், கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்து, 15-20 நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். ஃப்ளைவீல் சுழன்றால்தான் ஹவுசிங்குக்குள் காற்று அசையும். ஒருமுறை வந்த வாசனையால் பிளேட் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஆறிய பிறகு ஒரு சோதனை செய்யலாம்: டிரெய்லர் இல்லாமல், நான்காவது கியரில் மணிக்கு 50 கி.மீ. போகும்போது ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். சுற்று மட்டும் எகிறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் நழுவுகிறது. ஓரிரு முறைக்கு மேல் இதைச் செய்யாதீர்கள், சோதனையே சூட்டைக் கிளப்பும். கிளம்பும்போது வண்டி உதறினால் கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பரப்பான லைனிங் கண்ணாடிபோல் மழமழத்திருக்கலாம், அல்லது ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள் விழுந்திருக்கலாம்.

நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இந்த வகைப் பிக்கப்புகளில் பெரும்பாலும் நான்காவது கியர்தான் நேர் கியர், ஒன்றுக்கு ஒன்று. விசை பல் சக்கர ஜோடிகளைச் சுற்றாமல் நேராகப் போய்விடும், சூடும் தேய்மானமும் குறைவு. ஐந்தாவது ஓவர் டிரைவ், அதாவது எஞ்சினைவிட வேகமாகச் சுழன்று இழுவிசையைக் குறைக்கும் கியர். படகை இழுக்கும்போது நான்காவதிலேயே ஓட்டுங்கள். தட்டையான சாலையில், எஞ்சின் முக்காமல், ஆக்சிலேட்டர் பாதிக்கு மேல் தேவைப்படாமல் ஓடினால் ஐந்தாவது போடலாம். சிறு மேடு தென்பட்டாலே நான்குக்கு வந்துவிட வேண்டும். டீசலில் டார்க் இருக்கிறதே என்று 1,400 சுற்றில் முழு ஆக்சிலேட்டர் அழுத்துவது மோசமான பழக்கம். ஒவ்வொரு வெடிப்பின் உதையும் ட்யூயல் மாஸ் ஃப்ளைவீலின் (நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாகச் செய்த ஃப்ளைவீல்) ஸ்பிரிங்கில்தான் போய் விழும். 1,800 முதல் 2,500 சுற்றுக்குள் ஓட்டுவது எஞ்சினுக்கும் நல்லது, கிளட்ச்சுக்கும் நல்லது.

இறக்கத்தில், ஏறிய கியரிலேயே இறங்குங்கள், சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். படகு டிரெய்லர்களில் பெரும்பாலும், டிரெய்லர் வண்டியை முன்னால் தள்ளும் விசையால் தானே பிடிக்கும் பிரேக்தான் இருக்கும். நீங்கள் எஞ்சின் பிரேக்கில் இறங்கினாலும் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் பிரேக் விடாமல் உரசும். நீண்ட இறக்கம் முடிந்ததும் நிறுத்தி, சக்கர ஹப் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் ஆறவிட்டுத்தான் போக வேண்டும். சூடான ஹப்பை அப்படியே தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பேரிங் துருப்பிடிப்பது இப்படித்தான். இதே பிரேக் சமதரையிலோ மேட்டிலோ ரிவர்ஸ் எடுக்கும்போதும் பிடித்துக்கொள்ளலாம். டிரெய்லர் நகர மறுத்தால் கிளட்ச்சை எரிக்காமல், ரிவர்ஸில் அந்தப் பிரேக் பிடிக்காமல் தடுக்கும் ரிவர்ஸ் லாக் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படகு வாங்கும் முன் இரண்டு எடை தெரிய வேண்டும். விற்பவர் சொல்லும் எடையில் எஞ்சின், பேட்டரி, எரிபொருள், நங்கூரம் எல்லாம் சேர்ந்திருக்காது. 100 லிட்டர் பெட்ரோலே 75 கிலோ. எடை மேடையில் டிரெய்லரோடு ஏற்றிப் பாருங்கள். அடுத்து, டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பால் (வண்டியின் பின்னால் உள்ள இரும்புக் குமிழ்) மேல் இறங்கும் எடை. மொத்தத்தில் 10 சதவீதத்தை ஒட்டி, 1,500 கிலோவுக்கு 150 கிலோ அளவு இருந்தால் டிரெய்லர் அலையாது. வண்டியின் ஹிட்ச்சுக்குப் போட்டிருக்கும் வரம்பையும் தாண்டக் கூடாது. வீட்டில் எடை பார்க்கும் சாதாரண மெஷின் போதும். ஒரு கெட்டிப் பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும், மறுமுனையை மெஷின் மேலும் வையுங்கள். செங்கல்லிலிருந்து ஒரு அடி, மெஷினிலிருந்து இரண்டு அடி தள்ளி டிரெய்லரின் முனையைப் பலகை மேல் இறக்குங்கள். மெஷின் காட்டும் எண்ணை மூன்றால் பெருக்கினால் எடை வந்துவிடும். வண்டியில் மாட்டும் அதே உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் வின்ச் கம்பத்தை முன்னால் நகர்த்திப் படகையும் முன்னுக்குக் கொண்டுவரலாம்.

கிளட்ச் எப்படியும் மாற்ற வேண்டி வந்தால், செராமிக் பிளேட் போடச் சொல்வார்கள். போடாதீர்கள். அது மெல்லப் பிடிக்காது, வெடுக்கென்று பிடிக்கும். வழுக்கும் சாய்தளத்தில் சக்கரத்தைச் சுழலவிடும், ரிவர்ஸில் தலையாட்ட வைக்கும். சாதாரண லைனிங்கோடு கொஞ்சம் கெட்டியான பிரஷர் பிளேட் போதும். ஃப்ளைவீலைக் கழற்றிப் பார்த்து, சாலிட் வகையாக இருந்தால் முகம் சீவி மாட்டச் சொல்லுங்கள், ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலைக் கையேட்டில் சொன்னதைவிடச் சீக்கிரம் மாற்றலாம், ஆனால் கிரேடை மாற்றக் கூடாது. ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில், இன்னும் பலமானது என்று நினைத்து ஜிஎல்-5 ஊற்றினால், அதிலுள்ள சேர்மானம் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.