தண்ணீரில் கம்பி விட்டுக் காட்டினால் நம்பாதீர்கள்
சமையலறைச் சாதனங்கள்: வாசகர் கேள்வி-பதில்

மிக்ஸி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. இட்லிக்கு அரைக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது, கருகிய வாடை வேறு. மாற்றித் தரச் சொல்லலாமா?
- வாசகி, திருச்சி

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். பெரும்பாலான வீட்டு மிக்ஸிகளில் ஐந்து நிமிடம் ஓட்டு, இரண்டு நிமிடம் நிறுத்து என்ற கணக்கு இருக்கும். பக்கத்திலேயே ஒரு சிவப்புப் பொத்தானும் இருக்கும். மோட்டார் சூடேறி எரிந்துவிடாமல் மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். உங்கள் மிக்ஸி பாதியில் நிற்பதும் பெரும்பாலும் இதனால்தான். கால் மணி நேரம் ஆறவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள், ஓடும். ஜாரில் பாதிக்கு மேல் போடாமல், இடைவெளி விட்டு அரைத்தும் வாடை வந்தால் வாரண்டியில் கொடுங்கள். தினமும் இட்லி மாவு அரைக்கிற வீட்டுக்கு கிரைண்டர்தான் சரி. மிக்ஸியில் மாவு சூடாகிவிடும், உளுந்து பொங்கி வராது.

இண்டக்ஷன் அடுப்பு வாங்கினேன். என் அலுமினியப் பாத்திரங்கள் எதுவுமே சூடாகவில்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.
- வாசகர், விழுப்புரம்

அடுப்பில் குறை இல்லை. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அதில் சூடாகும், அட்டைப் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிறவர் பெட்டியை இரண்டு நிமிடம் படித்திருக்கலாம். இன்னொன்றும் கவனியுங்கள்: 2000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் அடாப்டர் வைத்துச் சொருகாதீர்கள், பாயிண்ட் உருகிவிடும். 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும்.

கோவையில் தனியாக இருக்கும் என் அம்மாவிடம் ஒருவர் வந்து, சிறுவாணித் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டுக் காட்டியிருக்கிறார். தண்ணீர் சாக்கடை போல ஆகிவிட்டதாம். பயந்துபோய் 18,000 ரூபாய்க்கு ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிவிட்டார். பாதிப் பணம் கொடுத்தாயிற்று. தண்ணீர் உண்மையிலேயே அவ்வளவு மோசமா?
- வாசகி, பெங்களூரு

தண்ணீரில் எந்தக் குறையும் இல்லை. உங்கள் அம்மாவின் மேலும் தப்பு இல்லை, அவரைத் திட்டாதீர்கள். இந்த ஏமாற்று பல வருடங்களாக வீடு வீடாக நடக்கிறது. பெரும்பாலும் மாட்டுவது வயதானவர்களும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களும்தான். பயத்தைக் காட்டி விற்பதால் எனக்கு இதில் கோபம் அதிகம்.

அது மின்சாரத்தில் ஓடும் கருவி. அதில் ஒரு கம்பி இரும்பு, இன்னொன்று அலுமினியம். குழாய்த் தண்ணீரில் இயற்கையாகவே கொஞ்சம் உப்புகள் கரைந்திருக்கும். அதனால் மின்சாரம் பாய்கிறது, இரும்புக் கம்பி கரைகிறது, தண்ணீர் பழுப்பும் கரும்பச்சையுமாகத் திரிகிறது. டம்ளரில் தெரிந்த அழுக்கு அந்தக் கம்பியின் துரு. ஆர்.ஓ. இயந்திரம் உப்பை வடிகட்டிவிடும், அதனால் அந்தத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாகவே நிற்கும். அடுத்த முறை யாராவது வந்தால், அவருடைய ‘சுத்தமான’ டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும்.

கூடவே ஒரு டி.டி.எஸ். மீட்டரைக் காட்டியிருப்பார்கள். அது கரைந்த உப்பின் அளவைச் சொல்லும், கிருமியைப் பற்றி எதுவும் சொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்க அளவு. சிறுவாணித் தண்ணீர் அதை நெருங்கவே நெருங்காது. அதற்கு ஆர்.ஓ. வைத்தால், இருக்கிற கொஞ்ச உப்பையும் எடுத்துவிட்டு, ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுவதுதான் மிச்சம். கிருமி பயம் என்றால் கொதிக்க வைத்து ஆற்றிக் குடித்தால் போதும். காய்ச்ச முடியாவிட்டால், புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. வடிகட்டி போதும். உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரைக் குடிக்க வேண்டிய வீடுகளுக்கு ஆர்.ஓ. தேவைதான், அவர்களை நான் குறை சொல்லவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: பொய்யான செய்முறை காட்டி விற்றது நியாயமற்ற வணிக முறை என்று எழுதி, இயந்திரத்தை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரும்படி நிறுவனத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். பதில் வராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், அம்மா குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை.

டேபிள் டாப் கிரைண்டர் வாங்கி மூன்று வாரம். மாவில் கல் துகள் நறநறக்கிறது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது’ என்று இருப்பதைக் காட்டுகிறார்கள்.
- வாசகர், மதுரை

புதுக் கல்லில் முதல் ஓரிரு தடவை துகள் வரும். பழைய சோற்றைப் போட்டு அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் மாவுக்கே போக வேண்டும். அதைச் செய்தும் மூன்று வாரமாக நறநறத்தால் கல்லில் குறை. பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும். பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள் என்று சட்டமே வைத்திருக்கிறது. உங்களிடம் இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. கல்லின் மேல் விரலைத் தேய்த்து, ஒட்டும் தூளை போட்டோ எடுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கடை முத்திரை வாங்குங்கள். தயங்காமல் கேளுங்கள், நியாயம் உங்கள் பக்கம்.

குக்கரின் சேஃப்டி வால்வ் ஒரே மாதத்தில் இரண்டு முறை போய்விட்டது. கடைக்காரர் அங்கே ஒரு போல்ட் வைத்து முறுக்கித் தந்தார். பரவாயில்லையா?
- வாசகி, தஞ்சாவூர்

இன்றே அதை அடுப்பிலிருந்து இறக்குங்கள். அது வெடிக்கும்.

வால்வ் அடிக்கடி போவதற்குக் காரணம், வெயிட் உட்காரும் குழாயில் பருப்பு அடைப்பதும் தண்ணீர் போதாததும். ஒவ்வொரு முறையும் மூடுமுன் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, குழாய் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கும் பிளிப்கார்ட்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை, முத்திரை தரும் அரசு அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் தட்டினால் அசலா போலியா என்று தெரிந்துவிடும்.

ஆட்டோ கிளீன் சிம்னி வாங்கலாமா?
- வாசகர், சேலம்

நான் வாங்கியதில் திருப்தி இல்லை. பட்டனை அழுத்தினால் கிண்ணத்தில் கொஞ்சம் பிசுக்கு சொட்டும். மீதி மிளகாய்த் தாளிப்புப் புகையோடு உள்ளே ஃபேன் இறக்கையில் கெட்டியாகிவிட்டது, ஆள் வைத்துச் சுரண்ட வேண்டியிருந்தது. கழற்றி வெந்நீரிலும் சோப்பிலும் ஊறவைக்கக்கூடிய ஃபில்டர் உள்ளதை எடுங்கள். அடுப்புக்கு மேல் வெளிச்சுவர் இருந்தால் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேனே போதும்.

பில் வேண்டாம் என்றால் 700 ரூபாய் குறைக்கிறேன் என்றார்கள், சம்மதித்தேன். இப்போது ஓவன் வேலை செய்யவில்லை, வாரண்டி இல்லை என்கிறார்கள்.
- வாசகர், சென்னை

பில் கேட்டு வாங்காதவருக்கு நான் எதை வைத்து வழி சொல்வது? ஜி-பேயில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பேசிப் பாருங்கள்.

எந்த பிராண்ட் மிக்ஸி நல்லது? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.
- வாசகி, நாகர்கோவில்

சொல்ல மாட்டேன். கடைக்குப் போகுமுன் உங்கள் ஊர் சர்வீஸ் சென்டர்களுக்கு போன் செய்து, ஜாரும், அதை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரும் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். யார் ‘இருக்கிறது’ என்கிறாரோ அந்த பிராண்டை வாங்குங்கள்.