கரையில் கிரேன் இல்லாமல் கப்பல் தானே சரக்கை இறக்குமா?

“தூத்துக்குடிக்கு வரும் நிலக்கரிக் கப்பல்களிலேயே கிரேன் இருக்கிறதே, அதுதானே செல்ஃப் அன்லோடர், அதாவது தானே சரக்கை இறக்கும் கப்பல்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேச்சுவழக்கில் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அது வேறு, இது வேறு. கிரேன் கப்பலில் கிராப் என்ற அள்ளும் வாளி, ஹோல்டு என்ற சரக்கறைக்குள் இறங்கி, அள்ளி, கரையில் நிற்கும் ஹாப்பர் என்ற புனல் தொட்டியில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். மூலையில் ஒட்டிக் கிடப்பதை ஒதுக்கித் தர உள்ளே வண்டியையும் இறக்க வேண்டும். செல்ஃப் அன்லோடரில் அள்ளும் வேலையே கிடையாது.

நான் பாளையங்கோட்டைக்காரன். அப்படியொரு கப்பலில் ஃபிட்டராக இருந்தவன். அதன் ஹோல்டு மாவு மில் ஹாப்பர் மாதிரி கீழே சரிந்து குறுகும். அடியில் வரிசையாகக் கேட்டுகள். திறந்தால் சரக்கு தன் எடையிலேயே, ஹோல்டுக்குக் கீழே உள்ள டன்னலில் ஓடும் பெல்ட்டில் விழும். டன்னல் முடிவில் இரண்டு பெல்ட்டுகள் அதை நடுவில் அமுக்கிப் பிடித்து மேலே ஏற்றும். மேல்தளத்தில் பூம் என்ற, பெல்ட் ஓடும் நீண்ட கை இருக்கும். அதைக் கரைப்பக்கம் திருப்பிக் கொட்டவேண்டியதுதான். கரையில் காலி இடம் இருந்தால் போதும்.

அமெரிக்கப் பேரேரிகளில் 1902-லேயே ஹென்னப்பின் என்ற மரக்கப்பலை இப்படி மாற்றிவிட்டார்கள். இன்று அங்கே ஓடும் 1,000 அடிக் கப்பல்கள் மணிக்கு 10,000 டன் வரை இறக்குகின்றன.

எல்லோரும் பூமைத்தான் போட்டோ எடுப்பார்கள். கப்பலின் உயிர் டன்னலில் இருக்கிறது. அங்கே காதைத் தீட்டிக்கொண்டு நடக்க வேண்டும். பெல்ட்டைத் தாங்கும் ஒரு ரோலரின் பேரிங் தேய்ந்தால் முதலில் கீச்சென்று கத்தும். கவனிக்காவிட்டால் இறுகி நின்றுவிடும். பெல்ட் அதன்மேல் உரசி உரசி ரோலர் பழுக்கக் காயும். பெல்ட் ஓடும்வரை சூடு பரவிப் போய்விடும். நிறுத்திய பிறகு ஒரே இடத்தில் ரப்பர் வெந்து தீப்பிடிக்கலாம். சுற்றிலும் நிலக்கரித் தூசி வேறு. அதனால் சரக்கு இறங்கி முடிந்ததும் குளிக்கப் போகாமல் இன்னொரு முறை டன்னலைச் சுற்றிவர வேண்டும். அந்தச் சுற்றுதான் முக்கியம் என்பேன்.

அப்புறம், ஈர நிலக்கரி. கேட்டைத் திறந்தாலும் சில நேரம் விழாது. அடியில் குடைந்துகொண்டு, மேலே வளைவு கட்டி நிற்கும். பார்க்கக் கெட்டித் தரை போலவே தெரியும். அதன்மேல் ஆளை இறக்கிக் குத்திவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹோல்டை அதிரவைக்கும் வைப்ரேட்டரை ஓடவிட்டுக் காத்திருப்பதே சரி.

இவ்வளவு நல்ல கப்பல் எல்லா இடத்திலும் ஏன் ஓடவில்லை? டன்னலும் சரிவும் சரக்கு ஏற்றும் இடத்தைத் தின்றுவிடும், கட்டும் செலவும் கூடுதல். குறைந்த தூரத்துக்கு அடிக்கடி போய்வரும் வழித்தடத்தில்தான் அது கட்டுப்படியாகும்.